வளர்ப்புப் பிள்ளைக்கு எதை, எப்போது, எப்படிச் சொல்வது: வன்னிக் குடும்பங்களுக்கான விளக்கம்

இலங்கையின் வடக்கே வன்னியில் ஒரு பிள்ளை கடைக்குப் போனாலும் கோயிலுக்குப் போனாலும் எதிர்ப்படுகிற முதற் கேள்வி "நீ ஆரின்ர பிள்ளை?" என்பதுதான். கேட்பவருக்கு அது வெறும் விசாரிப்பு. பெற்றவர் ஒருவர், வளர்ப்பவர் இன்னொருவர் என்று இருக்கும் பிள்ளைக்கோ அது வீட்டில் ஒருவரும் விடை சொல்லித் தராத கேள்வி. பிள்ளை தடுமாறுகிறது. பக்கத்தில் நிற்கும் பெரியவர் பேச்சை மாற்றுகிறார். தன்னைப் பற்றி ஏதோ பேசக்கூடாத விடயம் இருக்கிறது என்பதை அந்தப் பேச்சு மாற்றத்திலிருந்தே பிள்ளை படித்துக்கொள்கிறது.

கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா, மன்னாரின் பெருநிலப் பகுதி ஆகியவற்றில் பெற்றோரில்லாமல் வளரும் பிள்ளைகளில் நீதிமன்றக் கட்டளையோடு சுவீகாரம் எடுக்கப்பட்டவர்கள் சிறு பகுதியினரே. அம்மம்மா, சித்தி, பெரியம்மா, மாமா என்று உறவுக்குள் வளர்பவர்கள்தான் அதிகம். சிலர் சிறுவர் இல்லங்களில் சில வருடம் இருந்துவிட்டுக் குடும்பங்களுக்கு வந்தவர்கள். 2009 மே மாதத்தில் போர் முடிந்தபோது கைக்குழந்தைகளாக இருந்தவர்கள் வளர்ந்து, தங்களைப் பெற்றவர்கள் யார், என்ன ஆனார்கள் என்று கேட்கும் வயதுக்கு வந்துவிட்டார்கள். அதற்குப் பின்னரும் தாய் மறுமணம் செய்ததால், வெளிநாட்டு வேலைக்குப் போனதால், வறுமையால், மிக இளவயதுக் கர்ப்பத்தால் வேறு கைகளுக்குப் போன பிள்ளைகள் இருக்கிறார்கள்.

இவர்கள் எல்லோருடைய வீடுகளிலும் கெட்ட எண்ணம் இல்லாமலே நடக்கும் பெரிய தவறு ஒன்றுதான்: மௌனம். "அறியாத பிள்ளை, சொன்னா தாங்காது" என்று மறைக்கிறார்கள். வன்னியில் மறைக்க முடியாது. இடம்பெயர்ந்தோர் முகாமில் பக்கத்துத் தறப்பாள் கொட்டிலில் இருந்தவர்கள் இன்று பக்கத்து வளவில் இருக்கிறார்கள். பிள்ளை எப்படியும் அறியும். வளர்ப்பவரின் மடியில் இருந்து அறிகிறதா, பாடசாலையில் சண்டை நடக்கும்போது இன்னொரு பிள்ளையின் வாயிலிருந்து அறிகிறதா என்பது மட்டுமே நம் கையில் உள்ளது.

மூன்று வகை இழப்பு

பெற்றோர் இறந்திருந்தால் ஒரு வகை. காணாமல் ஆக்கப்பட்டிருந்தால் வேறு வகை. உயிரோடு இருந்தும் வளர்க்காமல் போயிருந்தால் மற்றொரு வகை. மூன்றுக்கும் ஒரே ஆறுதலைச் சொன்னால் ஒன்றுக்கும் பொருந்தாது.

இறப்பு என்றால் இறப்பு என்றே சொல்ல வேண்டும். "அம்மா நித்திரை", "சாமியிட்டப் போட்டா", "வெளிநாட்டில நிக்கிறா" என்பவைதான் நம் ஊரில் வழக்கமான பதில்கள். முதலாவதைக் கேட்ட பிள்ளைக்கு நித்திரைக்குப் போகவே பயம் வருகிறது. இரண்டாவதைக் கேட்டது, பிள்ளையை விட்டு அம்மாவை எடுத்த சாமியோடு கோபிக்கிறது, அல்லது தானும் அங்கே போக வழி தேடுகிறது. மூன்றாவதைக் கேட்டது ஒவ்வொரு தொலைபேசி மணிக்கும் ஓடி வருகிறது. ஒருநாள் உண்மை தெரிந்ததும், இறப்பின் துயரோடு ஏமாற்றப்பட்ட கோபமும் சேர்ந்து வளர்த்தவர் மேல் விழுகிறது. இறந்தவர் திரும்பமாட்டார், எல்லோரும் ஒருநாள் இறப்பார்கள், இறந்த உடலுக்கு வலியோ பசியோ இல்லை என்பவற்றைப் பெரும்பாலான பிள்ளைகள் 5 முதல் 7 வயதுக்குள் விளங்கிக்கொள்கிறார்கள். அதற்கு முன்னரும் சொல்லலாம். பலமுறை சொல்ல வேண்டியிருக்கும், அவ்வளவுதான். இப்படிச் சொன்னால் போதும்: "அம்மாவின்ர உடம்பு வேலை செய்யிறதை நிப்பாட்டிட்டுது. இனி அவவுக்கு நோகாது. திரும்பி வரமாட்டா. இது உன்னால நடக்கேல்ல." கடைசி வசனத்தை விடக்கூடாது. தான் அழுததால்தான், அடம்பிடித்ததால்தான் அம்மா போனா என்று சிறு பிள்ளைகள் உண்மையாகவே நம்புகிறார்கள். கேட்டால் ஒழியச் சொல்லவும் மாட்டார்கள்.

காணாமல் ஆக்கப்பட்டவர்களின் பிள்ளைகளுக்கு இந்த வசனம் பொருந்தாது. அமெரிக்க ஆய்வாளர் போலின் பொஸ், வியட்நாம் போரில் காணாமற்போன வான்படையினரின் குடும்பங்களோடு 1970களில் பணியாற்றி, முடிவு தெரியாத இப்படியான இழப்பைத் தனியாகப் பிரித்து விளக்கினார். துயரம் நகர முடியாமல் நின்றுவிடுகிறது. காத்திருந்தால் வாழ்க்கை நின்றுபோகிறது. காத்திருப்பதை விட்டால் துரோகம் செய்வதுபோல் இருக்கிறது. 2017 பெப்ரவரியில் கிளிநொச்சியிலும் வவுனியாவிலும், மார்ச்சில் முல்லைத்தீவிலும் வீதியோரத்தில் போராட்டம் தொடங்கிய தாய்மாரின் நிலை இதுதான். அந்தத் தாய்மாரின் மடியில் வளரும் பேரப்பிள்ளைகளின் நிலையும் இதுதான்.

இங்கே சரியான பதில் "தெரியாது" என்பதே. "அப்பா எங்க எண்டு எங்களுக்குத் தெரியாது. தேடிக்கொண்டிருக்கிறம். ஏதும் தெரிஞ்சா உனக்கு உடன சொல்லுவம். என்ன நடந்தாலும் நீ எங்களோடதான்." கட்டாயம் வருவார் என்று உறுதி சொல்லக்கூடாது. "செத்துப்போனார், இனி மற" என்றும் திணிக்கக்கூடாது. ஒரே வீட்டில் அம்மம்மா உயிரோடு இருக்கிறார் என்றும் மாமா இல்லை என்றும் நினைக்கலாம். பிள்ளைக்கு அந்த வேறுபாட்டையும் சொல்லலாம். பத்திரங்களிலும் இதே சிக்கல் உண்டு. 2010இல் வந்த தற்காலிகச் சட்டம் இறப்புச் சான்றிதழைத்தான் தந்தது. 2016இல் திருத்தம் வந்த பின்னரே, இறந்தார் என்று ஒப்புக்கொள்ளாமல் காணாமற்போனார் என்று காட்டும் சான்றிதழைப் பெற வழி கிடைத்தது. எதை எடுப்பது என்பது குடும்பத்தின் முடிவு. விளங்கும் வயதுப் பிள்ளை இருந்தால், எடுப்பதற்கு முன் அதற்குச் சொல்லுங்கள். அலமாரியில் அப்பாவின் இறப்புச் சான்றிதழைத் தானே கண்டெடுக்க விடாதீர்கள். காணாமல் ஆக்கப்பட்டவரின் படத்தைக் கையில் ஏந்திப் போராட்டத்தில் நிற்பதும் பிள்ளை விரும்பினால் மட்டுமே. சிலருக்கு அது பலம் தருகிறது. சிலருக்குக் கமெராவுக்கு முன் அழ வேண்டிய கடமையாகிவிடுகிறது.

மூன்றாவது வகைதான் பிள்ளையின் சுயமதிப்பை ஆழமாகக் குத்துகிறது. மறுமணம் செய்த அம்மா பக்கத்துக் கிராமத்திலேயே வேறு பிள்ளைகளோடு இருப்பா. "உன்னை எறிஞ்சிட்டுப் போனவள்" என்று கோபத்தில் ஒருதரம் சொன்னாலும் பிள்ளை அதை மறக்காது. தான் எறியத்தக்க பொருள் என்றே எடுத்துக்கொள்ளும். "அந்த நேரம் அம்மாவால உன்னைப் பாக்க ஏலாமப் போச்சு. அது பெரிய ஆக்களின்ர பிரச்சினை, நீ ஒரு பிழையும் செய்யேல்ல" என்பது உண்மையும்கூட. வருவதாகச் சொல்லி வராமல் விடுகிற தாயென்றால், வந்து படலையில் நிற்கும்வரை "இண்டைக்கு வருவா" என்று பிள்ளைக்குச் சொல்லாதீர்கள்.

வயதுக்கு ஏற்ற அளவு

ஒருநாள் இருத்தி வைத்து எல்லாவற்றையும் சொல்லி முடிக்கும் வேலை அல்ல இது. பேசத் தெரியாத வயதிலேயே தொடங்கலாம். "உன்னைப் பெத்த அம்மா வேற, நான் வளர்க்கிற அம்மா, ரெண்டு பேரும் உன்ர அம்மாதான்" என்பது குளிப்பாட்டும்போது காதில் விழுந்து பழகிய வசனமாக இருந்தால், அறிந்த நாள் என்று ஒரு நாளே பிள்ளைக்கு இருக்காது. 4, 5 வயதில் பெயர், ஊர், எப்படி வந்தாய் என்பவை. 7, 8 வயதில் ஏன் என்ற கேள்வி வரும். காரணத்தை எளிமையாக, பொய்யில்லாமல் சொல்லலாம். வன்முறை, தற்கொலை, தந்தை யாரென்றே சொல்லமுடியாத பிறப்பு போன்ற கனமானவற்றின் சாரத்தை 10, 12 வயதுக்குள் வளர்ப்பவரே சொல்லிவிடுவது நல்லது. பதின்ம வயதின் கொந்தளிப்போடு இவையும் சேர்ந்து வந்தால் தாங்குவது கடினம். பெற்றவர் ஆயுதம் ஏந்திய இயக்கத்தில் இருந்தவரென்றால் அதையும் மறைக்க வேண்டாம். அவருடைய வாழ்வைப் பிள்ளை தொடர்ந்து சுமக்க வேண்டியதில்லை என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

சொன்னதும் பிள்ளை ஓடிப்போய்ப் பந்தடிக்கும். கவலையில்லை என்று பெரியவர்கள் நினைப்பார்கள். சிறு பிள்ளைகள் துயரத்தைத் துண்டு துண்டாகத்தான் அனுபவிப்பார்கள். மூன்று நாள் கழித்து, சாப்பிடும்போது அடுத்த கேள்வி வரும்.

ஒட்டாத பிள்ளை, எல்லோரிடமும் ஒட்டும் பிள்ளை

ஒட்டுதல் என்பது பயந்த நேரத்தில் ஓடிப்போய் ஒளிய ஓர் ஆள் இருக்கிறது என்ற உறுதி. பிரித்தானிய உளமருத்துவர் ஜோன் போல்பி சொன்னதன் சாரம் இது. ருமேனியத் தலைநகரின் இல்லங்களில் இருந்த 136 குழந்தைகளை வைத்து 2000இல் தொடங்கிய ஆய்வில், 2 வயதுக்கு முன் குடும்பங்களுக்குப் போன பிள்ளைகளின் ஒட்டுதல், பிந்திப் போனவர்களை விட நன்றாக இருந்தது. பிந்தி வந்தால் பயனில்லை என்று இதற்கு அர்த்தமில்லை. பிந்தி வந்த பிள்ளைக்குக் கூடுதல் காலம் வேண்டும்.

பிள்ளை வீட்டுக்கு வந்த முதல் மூன்று மாதங்கள் மிக முக்கியம். சாப்பாடு கொடுப்பது, குளிக்க வார்ப்பது, நித்திரையாக்குவது, காயத்துக்கு மருந்து போடுவது ஆகிய நான்கையும் ஒரே ஆள், கூடினால் இரண்டு பேர் மட்டும் செய்ய வேண்டும். நம் வீடுகளில் இது கடினம். பிள்ளை பார்க்க வரும் உறவெல்லாம் தூக்கிக் கொஞ்சும், ஊட்டிவிடும். அன்புதான், ஆனால் யாரிடம் ஓடுவது என்று பிள்ளைக்குத் தெரியாமல் போகிறது. கொஞ்ச நாள் பொறுங்கோ என்று கேட்டுக்கொள்ள வேண்டியதுதான். பிள்ளை கொண்டுவந்த போர்வையையோ பழைய சட்டையையோ முதற்கிழமையிலேயே தோய்க்கவோ எறியவோ வேண்டாம். அந்த மணம்தான் அதற்குப் பழக்கமான ஒரே பொருள். பெயரை மாற்றவே வேண்டாம். எண் சாத்திரம் சரியில்லை என்றாலும் வேண்டாம்.

சாப்பாட்டை ஒளித்து வைப்பது மிகச் சாதாரணம். தலையணைக்குக் கீழே பாண் துண்டு, பள்ளிக்கூடப் பையில் சோறு. அதைக் களவென்று அடித்தால் ஒளிக்கும் இடம்தான் மாறும். பிள்ளைக்கு எட்டும் உயரத்தில், பிள்ளையின் பெயர் எழுதிய மூடியுள்ள ஒரு போத்தலில் பிஸ்கட், கச்சான் வையுங்கள். கேட்காமல் எடுக்கலாம் என்று சொல்லி, குறைந்ததைப் பிள்ளை பார்க்கும்போதே நிரப்புங்கள். சில மாதங்களில் போத்தல் நாள்கணக்கில் தொடப்படாமல் இருக்கும். அதற்காக எடுத்துவிடாதீர்கள்.

வந்த புதிதில் பிள்ளை சொன்னதெல்லாம் கேட்டு அமைதியாக இருக்கும். அது விருந்தாளியின் ஒழுக்கம். வீடு பாதுகாப்பானதுபோல் தெரிந்த பிறகுதான் பொய், உடைத்தல், படுக்கையில் சிறுநீர், "நீ என்ர அம்மா இல்லை" என்ற சொல் எல்லாம் வரும். வளர்ப்பவர்கள் பயந்து கைவிட நினைப்பதும் இந்தக் கட்டத்தில்தான். இத்தனை செய்தும் என்னை வைத்திருப்பாயா என்பதே பிள்ளையின் கேள்வி. "உன்னைக் கொண்டுபோய் இல்லத்தில விடுவன்" என்பது மட்டும் எந்தக் கோபத்திலும் வாயில் வரக்கூடாது. மாதக்கணக்காகக் கட்டியதை அந்த ஒரு வசனம் கலைத்துவிடும். தண்டனையாகக் கதைக்காமல் இருப்பதும், வெளியே நிற்கவைத்துக் கதவைச் சாத்துவதும் இப்பிள்ளைக்கு மறுபடி கைவிடப்படுவதுதான். கத்தி அழும்போது பக்கத்தில் இருங்கள். தொட விடாவிட்டால் ஒரு முழம் தள்ளி இருங்கள். குரல் தாழ்ந்து இருக்கட்டும். அடங்கிய பிறகு உடைத்ததைப் பொறுக்கச் சொல்லலாம், மன்னிப்புக் கேட்கச் சொல்லலாம். நீங்கள் அடித்துவிட்டால், நித்திரைக்கு முன் நீங்களே போய்ச் சமாதானம் ஆகுங்கள்.

இதற்கு எதிர்மாறாக, தெரியாத ஆளின் கையைப் பிடித்துக்கொண்டு போய்விடுகிற பிள்ளை இருக்கிறது. "நல்லா ஒட்டுற பிள்ளை" என்று ஊர் மெச்சும். பல கைகள் மாறிய பிள்ளையின் தற்காப்பு அது. துஷ்பிரயோகம் செய்பவர்களுக்கு வாய்ப்பும் அதுதான். யாரிடம் போகமுதலும் உங்களிடம் வந்து கேட்கப் பழக்குங்கள். வேலைக்குப் போகும்போது களவாக நழுவாமல் சொல்லிவிட்டுப் போங்கள். அழட்டும். சொன்ன நேரத்துக்கு வந்து நில்லுங்கள்.

வீட்டின் துயரம்

மகளைப் பறிகொடுத்த அம்மம்மா, அந்த மகளின் பிள்ளையை வளர்க்கிறா. இழப்பு இரண்டு பேருக்கும் ஒன்றுதான். அம்மாவைப் பற்றிக் கேட்டால் அம்மம்மா அழுவா என்று பிள்ளை கேட்காமல் விடுகிறது. பேசினால் பிள்ளை அழும் என்று அம்மம்மா பேசாமல் விடுகிறா. பெரியவர்தான் இதை முதலில் உடைக்க வேண்டும். "உன்ர அம்மாவுக்கும் இந்தக் கணவாய்க் கறியெண்டால் உயிர்" என்பதுபோல ஒரு சின்னப் பேச்சுப் போதும். கண்ணீர் வந்தால் வரட்டும், ஆனால் "நான் அழுதாலும் நீ கேக்கலாம்" என்று சொல்லிவிடுங்கள்.

2009இல் இறந்த பலருக்கு இறந்தபின் செய்யும் சடங்குகளான எட்டுச் செலவும் இல்லை, அந்தியேட்டியும் இல்லை. இறப்பு உறுதியென்றால், தகப்பனுக்கு ஆடி அமாவாசையும் தாய்க்குச் சித்திராப் பௌர்ணமியும் பிள்ளைக்குக் கிடைத்த வாய்ப்புகள். கிறிஸ்தவக் குடும்பத்துக்கு நவம்பர் 2. பிள்ளையை ஓரமாக வைத்துப் பெரியவர்களே செய்து முடிக்காமல், பூவெடுக்க, படைக்க, பெயரைச் சொல்லப் பிள்ளையை விடுங்கள். காணாமல் ஆக்கப்பட்டவருக்குத் திவசம் செய்ய மனம் வராது; பிறந்தநாளில் ஒரு விளக்கு வைக்கலாம். போரில் இறந்தவர்களை நினைக்கும் மே 18ஐயும் மாவீரர் நாளான நவம்பர் 27ஐயும் ஒட்டிய கிழமைகளில் வயிற்றுவலி, படுக்கையில் சிறுநீர், காரணமில்லாத கோபம் வருகிறதா என்று பாருங்கள். வகுப்பாசிரியருக்கு முன்கூட்டியே சொல்லிவைத்தால் அந்தக் கிழமை பிள்ளை தேவையில்லாமல் அடிவாங்காது. திருவிழா வெடிக்கும் இதுவே பொருந்தும்.

ஆரின்ர பிள்ளை

சித்தியை "அம்மா" என்று கூப்பிட வற்புறுத்தாதீர்கள், தடுக்கவும் வேண்டாம். "சித்தியம்மா" என்று பிள்ளை தானே ஒரு வழி கண்டுபிடிக்கும். சித்தியின் பிள்ளைகள் முறைப்படியே சகோதரர்கள். மாமா வீட்டில் வளரும் பிள்ளைக்கோ அங்குள்ளவர்கள் மச்சான், மச்சாள். வீட்டுக்குள் அண்ணன் தங்கையாக வளர்ந்தவர்களை, பெரிதானதும் ஊர் முறை சொல்லிக் கேலி செய்யும். அதற்கு முதலே வீட்டில் பேசித் தெளிவாக்குங்கள். சாமத்தியச் சடங்கில் யார் மாமனாக நிற்பது, கலியாணக் குறிப்புக்குப் பிறந்த நேரம் எங்கே என்ற கேள்விகளும் வரப்போகின்றன.

வெளியாருக்குச் சொல்ல மூன்று விடைகளைப் பிள்ளையோடு ஒத்திகை பாருங்கள். கடைக்காரருக்கு: "இன்னாரின்ர வீட்டுப் பிள்ளை." ஆசிரியருக்கு: "சித்தியோட இருக்கிறன், அம்மா இல்லை." நெருங்கிய கூட்டாளிக்கு, விரும்பினால் முழுக் கதை. எல்லோருக்கும் எல்லாம் சொல்லவேண்டியதில்லை என்று தெரிவது பெரிய விடுதலை. "எனது குடும்பம்" கட்டுரை வரும் வகுப்புகளில், இரண்டு குடும்பத்தையும் எழுதலாம் என்று ஆசிரியரோடு பேசிவையுங்கள்.

80 பக்கக் கொப்பி ஒன்றில் பிள்ளையின் கதையை எழுதத் தொடங்குங்கள். அல்பங்கள் இடப்பெயர்வில் போய்விட்டன. படம் இல்லாவிட்டாலும் எழுத நிறைய இருக்கிறது. பிறந்த வைத்தியசாலை, கிளினிக் அட்டையில் உள்ள பிறப்பு நிறை, பெயர் வைத்தது யார், அம்மா படித்த பாடசாலை, வளவில் நின்ற மரங்கள், யாருடைய மூக்கு, இருந்த ஊர்களின் வரிசை, இல்லத்தில் பார்த்துக்கொண்டவரின் பெயர். தெரிந்தது, ஆட்கள் சொன்னது, தெரியாதது என்று மூன்றையும் பிரித்து எழுதுங்கள். தெரியாத பக்கத்தை வெறுமையாக விடலாம், கற்பனையால் நிரப்பக்கூடாது. பிறந்த திகதியே தெரியாவிட்டால், பத்திரத்தில் உள்ள திகதி எப்படி வந்தது என்பதையும் எழுதுங்கள். வயதான உறவுகளின் குரலைக் கைத்தொலைபேசியில் பதியுங்கள், 15 நிமிடம் போதும். அவர்கள் போனால் அவர்களுக்குத் தெரிந்ததும் போய்விடும். மூலப் பத்திரங்களைப் பொலித்தீன் உறையில் உயரமான இடத்தில் வைத்து, படமெடுத்து இன்னொருவரின் தொலைபேசியிலும் வைத்திருங்கள். 2018 டிசம்பர் வெள்ளம் கிளிநொச்சியிலும் முல்லைத்தீவிலும் வீடுகளுக்குள் வந்ததை மறக்கவேண்டாம்.

பத்திர வேலை

1941ஆம் ஆண்டின் 24ஆம் இலக்கக் கட்டளைச் சட்டத்தின்படியே பிள்ளையை மகவேற்கலாம், அதாவது சுவீகாரம் எடுக்கலாம். விண்ணப்பிப்பவருக்குக் குறைந்தது 25 வயது, பிள்ளையை விட 21 வயது மூப்பு வேண்டும்; நெருங்கிய இரத்த உறவுகள் சிலருக்குத் தளர்வு உண்டு. கட்டளை வழங்குவது மாவட்ட நீதிமன்றம். பிரதேச செயலகத்தில் நன்னடத்தை உத்தியோகத்தரிடமோ சிறுவர் உரிமை மேம்பாட்டு உத்தியோகத்தரிடமோ தொடங்கலாம். 10 வயதுக்கு மேற்பட்ட பிள்ளையின் சம்மதமும் வேண்டும். ஆகவே, பெற்றவர்கள் நீங்கள் அல்ல என்பதை அந்தப் பிள்ளை நீதிமன்ற வாசலில் முதன்முதலாகக் கேட்கும் நிலை வரவே கூடாது. பத்திரங்களை 15 வயதில் அடையாள அட்டைக்கு ஓடும்போது தேடாமல், முதலாம் ஆண்டில் சேர்க்கும்போதே சரிசெய்யுங்கள்.

பெரிதான பிறகு

பதின்ம வயதில் தேடல் வரும். அது வளர்த்தவரை வெறுப்பதால் வருவதல்ல. தடுத்தால் முகநூலில் தனியாகத் தேடும், ஏமாற்றுபவர்களிடம் மாட்டும். கூடப் போங்கள்: கொப்பி, கிராம அலுவலர், பழைய பாடசாலைப் பதிவு, நன்னடத்தைக் கோப்பு, பிறகு உறவினர். முதற் சந்திப்பு ஒரு மணித்தியாலத்துக்குள், பொதுவான இடத்தில், நீங்கள் கூப்பிடு தூரத்தில். உயிரோடு இருக்கும் தாய் பார்க்க மறுக்கலாம் என்பதையும் போகுமுன்னரே பேசிவையுங்கள்.

சாக வேண்டும் என்ற பேச்சு, உடலை வெட்டிக்கொள்வது, வயதுக்கு மீறிய பாலியல் நடத்தை, நோவிலும் பயத்திலும்கூட ஒருவரிடமும் போகாத தன்மை ஆகியவற்றை வீட்டு அன்பு மட்டும் தீர்க்காது. மாவட்டப் பொது வைத்தியசாலையின் உளநலப் பிரிவுக்குக் கூட்டிச் செல்லுங்கள். தொலைபேசியில் 1926 தேசிய உளநல உதவி எண், 1929 சிறுவர் உதவி எண்.

தாத்தா, அம்மம்மாவோடு வளரும் பிள்ளை சொல்லாமல் வைத்திருக்கும் கேள்வி ஒன்று உண்டு: "இவையும் செத்தா நான் ஆரிட்ட?" அடுத்த பொறுப்பாளரை இப்போதே தீர்மானியுங்கள். அவரிடம் கேட்டுச் சம்மதம் வாங்கி, சிறுவர் உரிமை மேம்பாட்டு உத்தியோகத்தரிடம் எழுத்தில் கொடுங்கள். பிள்ளைக்கு அந்தப் பெயரைச் சொல்லி, பாடசாலை விடுமுறையில் சில நாள் அந்த வீட்டில் நின்று பழகவிடுங்கள். உடன்பிறப்புகள் வெவ்வேறு வீடுகளிலோ இல்லங்களிலோ இருந்தால், இருவரையும் சேர்த்து எடுக்கக்கூடியவரா என்பதை முதலில் கேளுங்கள்.